வைதரணியில் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர்

புலம்பெயர்ந்து வந்த மார்க்கம் நகரில் வெள்ள வரைபடம் கீறுவது ஸ்ரீதரனின் வேலை. ஆறுகளைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. எந்த இடத்தில் வாயை மூடவேண்டும் என்பதுதான் தெரியாது.

ரூஜ் பகுதியில் இருந்த வீட்டில் தாய் கமலாம்பிகை புற்றுநோயோடு படுத்த படுக்கை. சாவுக்குக்கூட அவள் பயப்படவில்லை. செத்த பிறகு கடக்கவேண்டிய வைதரணி ஆற்றுக்குத்தான் பயம். ஊரில் சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலைக் கடக்கையில் வள்ளம் கவிழ்ந்து அரும்பொட்டில் தப்பியவள் அவள். கோதானம் கொடுத்தால் பசுவின் வாலைப் பிடித்துக் கடக்கலாம் என்று ஐயர் சொல்லிப் பார்த்தார்.

"வள்ளத்தையே பிடிக்கேலாமல் போச்சு. மாட்டு வாலையோ பிடிக்கப் போறன்?" என்றாள்.

ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று ஸ்ரீதரன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அம்மா, உந்த வைதரணி ஒடிசாவில ஓடுற ஆறு. மலையில பிறந்து, கொஞ்சத் தூரம் நிலத்துக்குக் கீழ ஒளிச்சு ஓடி, பிறகு வெளியில வந்து வங்கக் கடலுக்குப் போகுது. கோடையில கன இடத்தில முழங்கால் தண்ணிதான். சனம் நடந்து கடக்கும்."

"இப்ப?"

"இப்ப ஆவணியெல்லோ. வெள்ளம்."

அன்றிலிருந்து அவள் சாக மறுத்தாள். ஊசி போட்டால் நித்திரையிலேயே போய்விடுவேன் என்று மோர்பினையும் மறுத்தாள். தாதி றெபேக்கா கெஞ்சிக் களைத்தாள். காலையில் கண் திறந்ததும் ஒரே கேள்விதான்.

"தண்ணி எவ்வளவு?"

பதினொரு நாள் அவன் உள்ளதைச் சொன்னான். அபாய மட்டத்துக்கு மேலே. இன்னும் மேலே. பன்னிரண்டாம் நாள் அவள் வலியில் தன் கையையே கடித்திருந்தாள். பெற்ற வயிறு துடிப்பதை எந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும்?

"வத்திட்டுது அம்மா."

"நீ பாத்தனியோ?"

"ஓம். முழங்காலுக்கும் கீழ."

அவள் அவனை நம்பினாள். ஊசிக்குக் கையை நீட்டினாள். மறுநாள் மத்தியானம் மூச்சு அடங்கியது.

செத்த வீட்டில் கிரியை முடித்த ஐயர் அவன் தோளைத் தட்டி, "அம்மா இப்ப கரை சேர்ந்திருப்பா" என்றார்.

ஸ்ரீதரனுக்குச் சொர்க்கத்திலும் நம்பிக்கையில்லை, நரகத்திலும் இல்லை. ஆனாலும் காருக்குள் போயிருந்து கைபேசியைத் திறந்தான். ஆறு இரண்டு கரையும் முட்டி ஓடிக்கொண்டிருந்தது. மலைப்பக்கம் இன்னும் மழை என்றிருந்தது.

"இறங்காதேங்கோ அம்மா," என்று அழுதான். "கரையிலயே நில்லுங்கோ."