இரண்டு மிதி

கண்ணாடிக்காரரின் வண்டி அவர் ஒருவருக்குத்தான் அடங்கும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அது அவருக்கும் தெரியும். வாயைத் திறந்து பெருமை பேசுகிற ஆள் இல்லை. ஆனாலும் தெருமுனையில் வண்டி திரும்பும்போது யாராவது நின்று பார்த்தால், அவருடைய முதுகு தானாகக் கொஞ்சம் நிமிரும்.

உருண்டை விளக்கும் சரிந்த முதுகுமாக, இப்போது யாரும் செய்யாத பழைய நான்கு கதவு வண்டி. இரண்டு கை மாறி அவரிடம் வந்தது. வீட்டில் அதற்குப் பெரியவர் என்று பெயர். “பெரியவர் இன்னைக்கு எந்திரிக்க மாட்டேங்கிறார்” என்றால் பேட்டரி இறங்கிவிட்டது என்று பொருள். “பெரியவர் மூக்கை உறிஞ்சுறார்” என்றால் கார்புரேட்டரில் அடைப்பு.

அவருக்குக் கடைவீதியில் ஒரு கண்ணாடிக் கடை. முன்னறையில் அவர் கண் பரிசோதிப்பார். “இது தெளிவா, அது தெளிவா?” என்ற ஒரே கேள்வியில் அவருடைய பகல் முழுக்க ஓடிவிடும். பின்னறையில் மனைவி லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவாள். மயிரிழை பிசகாத கை. அவளுக்கும் வண்டி ஓட்டும் உரிமம் உண்டு. பெரியவரை வாங்கிய புதிதில் பயிற்சிப் பள்ளிக்குப் போய் முதல் தடவையிலேயே தேறியவள். அந்தத் தெம்பில் ஒரு காலையில் பெரியவரை வெளியே எடுத்துப் போய்த் திரும்பி வருகையில், வாசல் கேட்டின் இடது தூணில் கொண்டுபோய் இடித்தாள். தூணின் மூலை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அன்று அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. “விடு, உனக்கு வராது” என்று மட்டும் சொன்னார். சொந்தக்காரர்களெல்லாம் தங்கமான மனுஷன் என்றார்கள். அவளும் போகிற இடமெல்லாம் அந்தக் கதையைத் தானே சொல்லிச் சிரிப்பாள். பிறகு அவள் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கடைக்கு நேரம் ஒத்துவராத நாட்களில் பஸ்ஸில் போய் வந்தாள். உரிமத்தை மட்டும் காலாகாலத்தில் புதுப்பித்து வைத்துக்கொண்டாள். கேட்டால், அடையாளத்துக்கு ஆகுமே என்பாள்.

பழைய வண்டிகளுக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்று உத்தரவு வந்ததும் அவர் பதறவில்லை. கழுவித் துடைத்து நேராக ஆய்வு மைதானத்துக்கு ஓட்டிப் போனார். அங்கே முறை எளிது. முதல் சுற்று வீட்டு ஆள் ஓட்டிக் காட்ட வேண்டும், ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். இரண்டாவது சுற்று ஆய்வாளரே ஓட்டுவார். மெக்கானிக்குகள் ஓட்டக் கூடாது என்று வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள்.

அவருடைய சுற்று வெண்ணெயில் கத்தி இறங்கியது போல இருந்தது. ஆய்வாளர் சாலையைப் பார்க்கவில்லை. அவருடைய காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஏன் சார் ரெண்டு தடவ மிதிக்கிறீங்க?”

“அப்படி மிதிச்சாத்தான் சார் பிடிக்கும்.”

“ஸ்டீயரிங்க வலது பக்கமா முறுக்கிப் பிடிச்சிருக்கீங்களே, அது?”

அவர் தன் கையைப் பார்த்தார். முறுக்கித்தான் பிடித்திருந்தார். அதுவரை அவருக்கே அது தெரியாது.

“இறங்குங்க, நான் ஓட்டுறேன்” என்றார் ஆய்வாளர்.

பெரியவரின் இடது இருக்கையில் கண்ணாடிக்காரர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஆய்வாளர் எல்லோரையும் போல பிரேக்கை ஒரு முறை மிதித்தார். பெடல் தரைவரை போய்விட்டது. வண்டி நிற்க வேண்டிய வெள்ளைக் கோட்டைத் தாண்டியது, மறுபடி மிதித்துப் பிரேக் பிடித்ததும் இடது பக்கம் வெட்டிக்கொண்டு போய் ஓரத்தில் அடுக்கியிருந்த தகர டிரம்மை உரசி நின்றது. நின்றதும் எஞ்சினும் அணைந்துபோனது.

“நிக்கிறப்ப ஆக்சிலேட்டர்ல லேசா கால் வச்சிருக்கணும் சார். இல்லேன்னா அணைஞ்சிடும்.”

“உங்க ஒருத்தருக்கு மட்டும் ஓடுனா அது வண்டி இல்ல சார், வளத்த நாய்” என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கையைத் துடைத்துக்கொண்டார். “ஒரு மாசத்துல சரி பண்ணிக் கொண்டு வாங்க. இன்னும் ஒரே ஒரு தடவதான் பார்ப்போம். அதுலயும் தவறினா நம்பர் ரத்து. அப்புறம் வண்டி உடைக்கிற இடத்துக்குத்தான் போகணும்.”

கடைக்குத் திரும்பி வந்து, “ஃபெயில்” என்றார்.

மனைவி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், “யாரு, பெரியவரா, நீங்களா?” என்று கேட்டாள்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “பெரியவர்” என்றார்.

அவளுடைய தம்பிக்கு ஒர்க் ஷாப் இருந்தது. அக்கா வீட்டு வண்டியில் கைவைக்க இத்தனை வருஷமாக அவனுக்கு அனுமதி இல்லை. எண்ணெய் மாற்றுவது, பிளக் துடைப்பது எல்லாம் கண்ணாடிக்காரரே பார்த்துக்கொள்வார். இப்போது சாவியை நீட்டியதும் அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

“என்ன அத்தான், பொண்ணைக் கட்டிக் கொடுக்கிற மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க?”

“பார்த்துச் செய்.”

“காயலான் கடைக்காரர் போன வாரமே விசாரிச்சார். எடைக்கு எடுத்துக்கிறாராம்.”

“மச்சான், வேலையப் பாரு.”

வேலை நடந்த நாட்களில் கடையைச் சாத்தியதும் அவர் ஒர்க் ஷாப்புக்குப் போய் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொள்வார். ஒன்றும் பேச மாட்டார். மச்சானும் பழகிவிட்டான். பிரேக் டிரம்களைக் கழற்றினான். தேய்ந்துபோன பிரேக் ஷூக்களை மாற்றி, மாஸ்டர் சிலிண்டரில் புது ரப்பர் போட்டான். கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் ஊறப் போட்டான். கரி பிடித்த பிளக்குகளை வரிசையாக வைத்து, “பல்லு விளக்காத வாய் அத்தான் இது” என்றான். புகை அளக்கும் கருவியைப் பின்னால் சொருகிவிட்டு, சிறிய திருப்புளியால் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகினான். எஞ்சினின் குரல் இறங்கி இறங்கி, பக்கத்து அறையில் யாரோ அயர்ந்து தூங்குவது போல ஆனது. கண்ணாடிக்காரருக்கு அந்தச் சத்தம் நல்லதாகத்தான் பட்டது. ஆனால் தன் வண்டியின் சத்தமாகப் படவில்லை.

ஒரு நாள் இடது முன்சக்கரத்தைக் கழற்றிய மச்சான், சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புத் தண்டு ஒன்றை உருவி எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தான். ஆர்ம் என்பார்கள் அதை.

“வளைஞ்சிருக்கு பாருங்க. பிரேக் மிதிச்சா வண்டி இடது பக்கம் இழுத்ததுக்கு இதுதான் காரணம்.”

“எப்ப வளைஞ்சுது? மைதானத்துல அந்தத் தகர டிரம்ல உரசினப்பவா?”

“சேச்சே. வளைவுக்குள்ள துரு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கு பாருங்க. அதுக்கு மேல யாரோ பெயிண்ட் அடிச்சிருக்காங்க, அந்தப் பெயிண்டும் பொடியாப் போச்சு. நீங்க வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும். உங்க தலையில கட்டிட்டாங்க அத்தான்.”

மச்சான் அதைத் தகரத் தட்டில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். கண்ணாடிக்காரர் டயர் மேலேயே உட்கார்ந்திருந்தார். தூணும் இடது பக்கத்துத் தூண்தான். கேட்டுக்குள் நுழையும்போது யாராக இருந்தாலும் பிரேக்கை மிதிக்கத்தான் செய்வார்கள். வலது பக்கம் முறுக்கிப் பிடிக்கப் பழக அவருக்குச் சில மாதம் பிடித்திருக்கும். அவளுக்குக் கிடைத்தது ஒரு காலைப்பொழுது.

வீட்டுக்குப் போய் அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது அவருடைய இயல்பு என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், இந்த மௌனம் எந்த வகை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டைத் திறக்கும்போது மட்டும் அந்தத் தூணின் பக்கம் பார்க்காமல் திறந்தார்.

ஆய்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வண்டி தயாரானது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருக்கும் காலிச் சாலைக்கு மூவரும் போனார்கள். அவர் ஸ்டீயரிங்கில், மச்சான் பக்கத்தில், அவள் பின்னால்.

முதல் திருப்பத்தில் பிரேக்கைத் தன் வழக்கப்படி ஓங்கி மிதித்தார். முதல் மிதியிலேயே வண்டி ஆணி அடித்தாற்போல நின்றது. மச்சானின் நெற்றி கண்ணாடியில் மோதாதது அவன் செய்த புண்ணியம். நின்ற இடத்தில் அவருடைய கால் தானாக ஆக்சிலேட்டரைத் தேடிப் போக, எஞ்சின் உறுமியது. மறுபடி எடுத்தார். நேரான சாலையில் வண்டி வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது.

“அத்தான், கைய முறுக்காதீங்க.”

“முறுக்கல.”

“உங்க கை முறுக்குது. நீங்க முறுக்கல, சரி.”

நாலைந்து சுற்று வந்தும் அதே கதைதான். கையைக் கவனித்தால் கால் மறந்தது, காலைக் கவனித்தால் கை மறந்தது. கடைசியில் மச்சான் இறங்கிச் சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“பெரியவரை டியூன் பண்ணிட்டேன். இப்ப உங்களைத்தான் பண்ணணும், அதுக்கு என்கிட்ட ஸ்பேனர் இல்ல.”

பின்னாலிருந்து மனைவி மெல்லச் சொன்னாள்: “கடைக்கு வர்றவங்ககிட்ட நீங்க என்ன சொல்வீங்க? பழைய கண்ணாடிக்கு உங்க கண்ணு பழகிப்போச்சு. புதுசு போட்டா தரை பள்ளமாத் தெரியும், ஒரு வாரம் பொறுத்துக்கோங்கன்னு. அதே மாதிரி நீங்களும் பொறுத்துக்கோங்க.”

“ஒரு வாரம் இல்லையே” என்றார் அவர்.

மறுநாள் காலை கடைக்குப் போகும் வழியில் ஒர்க் ஷாப்பில் இறங்கி, தகரத் தட்டில் கிடந்த அந்த ஆர்மைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார். பின்னறைக்குப் போனார். அவள் ஒரு லென்ஸின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் வைத்தார்.

“என்னது இது, கறை படியும், எடுங்க.”

அவர் எடுக்கவில்லை. அவள் காகிதத்தைப் பிரித்தாள். கோணல் ஃப்ரேம்களைப் பார்ப்பது போலவே அதைக் கண்ணுக்கு நேராக நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

“வளைஞ்சிருக்கு.”

“இடது முன்சக்கரத்தோடது. பிரேக் மிதிச்சா இடது பக்கம் இழுக்கும்.”

“எப்ப இருந்து?”

“நாம வாங்குறதுக்கு முன்னாடி இருந்து.”

அவள் இன்னொரு முறை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதைக் காகிதத்தின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள். தேய்க்கும் இயந்திரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள். முன்னறையில் யாரோ வந்து நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. இருவரும் நகரவில்லை.

“அப்ப தூண்…” என்றாள்.

“ம்.”

“தம்பி இதைக் கழட்டி எத்தனை நாளாச்சு?”

அவர் மேஜை மேலிருந்த காகிதத்தின் ஓரத்தைத் திருகினார்.

“மழையில குடையும் டிஃபன் பாக்சுமா பஸ்ல தொங்கிக்கிட்டு வந்திருக்கேன்” என்றாள். குரல் உயரவில்லை. “ஊரெல்லாம் நானே சொல்லிச் சிரிச்சேன், எனக்கு வராதுன்னு. நீங்களும் பக்கத்துல நின்னு சிரிச்சீங்க.”

“அன்னைக்கு எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சுக்கணும்னு தோணலையே. கீழ குனிஞ்சு பார்த்திருக்கலாமே.”

அது உண்மை. தூணில் உரசிய பெயிண்டைத்தான் அவர் அன்று குனிந்து பார்த்திருந்தார். இப்போது சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அந்த ஆர்ம் பக்கத்தில் வைத்தார்.

“நாளைக்கு நீ ஓட்டு.”

“நான் ஃபெயிலாக்கிட்டா பெரியவர் காயலான் கடைக்குப் போயிடுவார்.”

“நான் ஓட்டினா கட்டாயம் போவார்.”

அவள் லென்ஸை எடுத்து விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள். மாலை கடையைப் பூட்டும்போது சாவி மேஜையில் இல்லை. அவளும் இல்லை. தண்ணீர்த் தொட்டிச் சாலையில் பெரியவர் போய்க்கொண்டிருப்பதாக மச்சான் போன் பண்ணிச் சொன்னான்.

“எப்படி ஓட்டுறா?”

“அதை ஏன் கேக்குறீங்க. என்னைப் பேசக் கூடாதுன்னுட்டு ஓட்டுது அக்கா.”

மறுநாள் மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே மச்சானோடு நின்றார். பெரியவர் ஓடுவதை வெளியே நின்று அவர் பார்த்ததே இல்லை. இவ்வளவு தாழ்வாக, இவ்வளவு அமைதியாக அது போகும் என்று நினைத்திருக்கவில்லை. முதல் திருப்பத்தில் பின்விளக்கு ஒரே ஒரு முறை எரிந்தது. வண்டி வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. எஞ்சின் அணையவில்லை. அவருடைய வலது கால் மண்ணை இரண்டு முறை மிதித்தது.

“அத்தான், செருப்பு பிஞ்சிடும்” என்றான் மச்சான்.

இரண்டாவது சுற்று ஆய்வாளர் ஓட்டினார். இறங்கி வந்து, புகைக் கருவி காட்டிய அளவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். வேலிப் பக்கம் தலையைத் திருப்பி, “அவர் ஏன் ஓட்டல?” என்று கேட்டார்.

“பழைய வண்டியவே ஓட்டிப் பழகிட்டார்” என்றாள் அவள்.

மச்சானை வழியில் இறக்கிவிட்டு வீட்டுத் தெருவுக்குத் திரும்பினார்கள். யாரோ நின்று பார்த்தார்கள். இடது இருக்கையில் அவருடைய முதுகு நிமிர்வதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தது. கேட்டுக்கு முன் அவள் நிறுத்தினாள். அவர் இறங்கிக் கேட்டின் இரண்டு கதவையும் திறந்தார். திறந்துவிட்டு, அந்த உடைந்த தூணின் பக்கத்தில் நின்று, வழி காட்டக் கையைத் தூக்கினார்.

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“கொஞ்சம் நகருங்க. நீங்க நின்னா தூண் தெரியல.”

அவர் கையை இறக்கிவிட்டு நகர்ந்து நின்றார். பெரியவர் நடு வாசலில் நேராக உள்ளே போனார். எஞ்சினை நிறுத்திவிட்டு அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“நாளைக்கு நான் சீக்கிரமாவே கிளம்புறேன். நீங்க என்கூட வர்றீங்களா, இல்ல பஸ்ஸா?”

அவர் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பெயர்ந்த செங்கலை ஒரு முறை பார்த்தார்.

“உன்கூடவே வர்றேன்” என்றார்.