எதுவும் ஒட்டாத நிபுணர்

மகள் பிறந்து ஐந்தாவது மாதம் நடக்கும்போது நிபுணரின் உடம்பில் தண்ணீர் ஒட்டாமல் போனது. தலையில் ஊற்றியது முத்து முத்தாக உருண்டோடிவிட, காய்ந்த தலையோடும் மடிப்புக் கலையாத துண்டோடும் குளியலறையை விட்டு வெளியே வந்தார். தெருவில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்து எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

நிபுணர் என்பது தெரு வைத்த பெயர். பிழைப்பு டைல்ஸ் கடை மேலாளர். குழந்தை பிறக்குமுன்பே நாலு வீடியோ பார்த்துவிட்டு, துணி டயப்பருக்குள் ஈரம் உறிஞ்சச் சொருகும் பட்டையை, அதாவது இன்செர்ட்டை, வாங்கும் பொறுப்பைத் தானாக எடுத்துக்கொண்டார். மனைவி பருத்தி கேட்டாள். பருத்தி பழைய பஞ்சாங்கம் என்று மைக்ரோஃபைபர் வாங்கினார். அது வேகமாகக் குடிக்கும்; குழந்தையின் எடை அழுத்தினால் அதே வேகத்தில் கக்கும். துவைப்பதிலும் தலையிட்டார். வாசனை சாஃப்ட்னரைப் பாதிப் புட்டி கவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினார். இன்செர்ட்டுகள் பூப்போல் ஆயின. குடையைப் போல் ஒரு சொட்டும் உறிஞ்ச மறுத்தன. ஈரம் மேலேயே நின்று குழந்தையின் தொடையைப் புண்ணாக்கியது. புண்ணோடு வரும் பிள்ளையைக் காப்பகம் சேர்க்காது. மாதக் கடைசியில் மனைவியின் விடுப்பு முடிகிறது. அவள் திரும்பாவிட்டால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும்.

"என்னங்க, சாஃப்ட்னர் ஊத்தக் கூடாதுன்னு பாக்கெட்லயே போட்டிருக்கு."

"அதெல்லாம் விஷயம் தெரியாதவங்களுக்குப் போடறது."

மாடியில் குடியிருந்த அவருடைய அக்கா படியிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள்: "என் தம்பி தொட்டா மணக்கும். புள்ளைக்குத்தான் பொல்லாத தோலு."

முதலில் விரல்களில் ஒட்டாமல் போன தண்ணீர், அந்த வாரமே உடம்பு முழுக்க ஒட்டாமல் போயிற்று. காறித் துப்பினாலும் ஒட்டாதா என்று சோதித்துச் சொல்ல பால்காரர் முன்வந்தார். ஆசை இருந்தும் மனைவி தடுத்துவிட்டாள். நிபுணர் வருந்தவில்லை. தாமரை இலைத் தண்ணீர்போல் வாழ்வது ஞானிகளுக்கே வாய்க்கும் என்றார். அக்கா கண் கலங்கினாள்.

மனைவி இன்செர்ட்டுகளைச் சலவைச் சோடா போட்ட கொதிநீரில் ஊறவைத்தாள். எண்ணெய்ப் படலம் மிதந்து வந்தது. நுரை நிற்கும்வரை அலசி வெயிலில் போட்டாள். பருத்தியும் வாங்கி, புதுத் துணியின் பசை போக நாலைந்து தடவை துவைத்து, மைக்ரோஃபைபருக்கு அடியில் சொருகினாள். மேலே உள்ளது கக்கியதைக் கீழே உள்ளது வாங்கிக்கொண்டது. புண் ஆறியது.

"உங்களுக்கும் ஒரு அண்டா வெந்நீர் வைக்கட்டுமா?"

"எனக்கென்ன கேடு?"

அவள் மறுபடி கேட்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. டயப்பருக்கு உள்ளே உறிஞ்சப் பட்டை வேண்டும். வெளியே ஈரம் ஒட்டாத கவர் வேண்டும். கவர்களை எல்லாம் நிபுணர் இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் பூச்சு வெடிக்க வைத்திருந்தார். ஆகவே மனைவி அவரைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே பருத்தியை விரித்து, குழந்தையைக் கிடத்தினாள். ஒரு சொட்டுக்கூடப் பாய்க்கு இறங்கவில்லை. குறித்த நாளில் அவள் வேலையில் சேர்ந்தாள். காப்பகத்துக்குப் புதுக் கவர்கள் வந்தன. வீட்டுக்கு இருப்பதே போதும் என்றாள். தம்பிக்குப் பிள்ளைப் பாசம் அதிகம், இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டான் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கவரை அடிக்கடி துவைக்கத் தேவையில்லை. ஈரத் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். வேலைக்குக் கிளம்புமுன் மனைவி துடைத்துவிட்டுப் போகிறாள்.