மாமனார் காரின் நாலு பூட்டு

மாமனாரின் பழைய காரில் ஓட்டுகிறவர் பக்கத்துச் சுவிட்சை அழுத்தினால் நாலு கதவும் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வருடமாக அந்த ஒரு கதவு மட்டும்தான் பூட்டிக்கொண்டது. “சரி பண்றவருக்குத்தான் கார்” என்று மாமனார் சொல்லிவிட்டார்.

மூத்த மருமகன் கார் மெக்கானிக். ஒன்பது வருடமாக அந்தக் காரின் மேல் கண். மீதி மூன்று கதவுக்கும் பூட்டு மோட்டார் மாற்றிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. இன்று காலை வந்த சின்ன மருமகன், ரேடியோ ரிப்பேர்க்காரன், ஓட்டுகிறவர் கதவின் கீலருகே வயர் நுழையும் ரப்பர் குழாயை உருவினான். கதவைத் திறந்து மூடியே உள்ளே மற்ற மூன்று பூட்டுக்கும் போகும் வயர் அறுந்திருந்தது. அரை மணியில் ஒட்டவைத்துவிட்டான்.

“சின்ன மாப்பிள்ளை கைராசியே தனி!” என்றார் மாமனார்.

மூத்தவருக்கு வயிறு எரிந்தது. பதினைந்து வருடம் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தவர் அவர், பேர் வாங்குவது நேற்று வந்தவனா?

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், கை கழுவப் போகிறவர் போல நழுவிக் காருக்குள் ஏறி, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். பூட்டுக்கான பியூசை உருவிவிட்டால் சின்னவன் மூக்குடைபடுவான். அதற்குமுன், ஒருவேளை வேலை செய்யாமலே இருக்குமோ என்ற நப்பாசையில் சுவிட்சை அழுத்தினார். நாலும் ஒன்றாக ‘டக்’ என்றன. அந்தச் சத்தத்தை அவரால் பொறுக்க முடியவில்லை. பியூசை வெடுக்கென்று பிடுங்கினார். பழைய கண்ணாடிப் பியூஸ், விரலிலேயே நொறுங்கியது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கதவின் உள்கைப்பிடிகள், பூட்டுக் குமிழ்கள், கண்ணாடி இறக்கும் பிடிகள் எல்லாம் பாலிஷ் போட்டு வெளியே பெஞ்சில் காய்ந்துகொண்டிருந்தன. காலையில் கழற்றி வைத்தவரே அவர்தான். இப்போது உள்ளேயிருந்து திறக்க ஒரு வழியும் இல்லை.

தேடி வந்த சின்னவன் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தான். ரத்தம் கசியும் விரலைப் பார்த்தான், மடியில் கிடந்த கண்ணாடித் தூளையும் பார்த்தான்.

“உள்ள என்ன மாப்பிள்ளை பண்றீங்க?” பின்னாலேயே வந்தார் மாமனார்.

சின்னவன் முந்திக்கொண்டான். “நான்தான் மாமா, பழைய பியூஸ் தாங்குமான்னு அண்ணன பாக்கச் சொன்னேன். நல்லவேளை, ரோட்டுல போகாம இங்கயே போச்சு. சாவியக் குடுங்க.”

திறந்தவன், சாவியை மூத்தவர் கையிலேயே வைத்தான். “மோட்டார் மாத்துனது நீங்க. வண்டி உங்களுக்குத்தாண்ணே.”

“தங்கமான புள்ள!” மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தப் பேரையும் இவனே தட்டிக்கொண்டு போய்விட்டானே என்று மூத்தவர் உள்ளுக்குள் வெந்தார். வெந்துகொண்டே சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.