இருபத்துமூன்று அடிக்குறிப்புகள்

சரவணமுத்து தம் வாழ்நாளில் அச்சுக்குக் கொடுத்த புத்தகம் ஒன்றே ஒன்று. சேலம், நாமக்கல் வட்டாரத்து வேலைப் பாட்டுகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ராகமும் தாளமும் குறித்து 1932-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. செவ்வாய்ப்பேட்டையில் இசைத்தமிழ்க் கழகம் நடத்திய நூலகத்தில் ஒன்பது ஆண்டுகளாகச் சுவடிக் காப்பாளராக இருந்தார்.

அவர் இராசிபுரத்து நெசவுக் குடும்பம். ஆறு வயதிலேயே அப்பா சேலத்து நூல் கடையில் கணக்கெழுத வந்துவிட்டதால் தறியோ பாவோ அவர் கைக்கு எட்டவில்லை. கல்லூரியில் படித்தார். பிறகு கும்பகோணத்தில் ஒரு வித்துவானிடம் நான்கு வருடம் பாட்டுக் கற்றார். நூலகத்தில் சேர்ந்தபோது அங்கே இருந்தவை அந்து தின்ற நூற்றுப்பத்துச் சுவடிகளும் பூட்டில்லாத ஓர் அலமாரியும்தான். சுவடிகளைத் துடைத்து, எண்ணெய் பூசி, ஏடு ஏடாகப் படித்துப் பட்டியல் எழுதினார். ஏட்டில் ஏறாத பாட்டுகள் அதைவிட அதிகம் என்று தெரிந்ததும் சனிக்கிழமைகளில் புதுச்சத்திரம், மல்லசமுத்திரம், சங்ககிரி என்று கிளம்பிவிடுவார்.

பாட்டைப் பாடுகிறவர் வேலை செய்யும் இடத்திலேயே நிறுத்திக் கேட்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். அதனால் ஒவ்வொருவரையும் வண்டி வைத்து நூலகத்துக்கு அழைத்து வந்தார். ஜமுக்காளம் விரித்து, தம்புராவை மீட்டச் செய்து, ஒரு வித்துவானை உட்கார வைப்பதுபோல் உட்கார வைத்தார். எதிரே அமர்ந்து தாமே தொடையில் தாளம் போட்டபடி எழுதிக்கொண்டார். பல பாட்டுகளில் தாளம் ஓரிடத்தில் கலைந்தது. இந்தப் பாட்டுகள் ஒரு காலத்தில் செம்மையாக இருந்து பாமரர் வாயில் சிதைந்தவை என்று முடிவு கட்டினார். புத்தகத்தின் பெரிய அத்தியாயம் அதைத்தான் சொன்னது. இருபத்துமூன்று பாட்டுகளின் கீழே, 'இவ்விடத்தில் பாடுவோர் தாளம் தப்புகின்றனர்' என்று அடிக்குறிப்பு இருந்தது.

வெளியீட்டு விழாவுக்குப் பாடியவர்கள் எல்லோரையும் அழைத்திருந்தார். முன்வரிசையில் இராசிபுரத்து உண்ணாமலை உட்கார்ந்திருந்தாள். சரவணமுத்துவின் பழைய தெருக்காரி, அவரைவிடப் பத்து வயது மூத்தவள். பாவோடும்போது, அதாவது தறிக்கு வேண்டிய நீள இழைகளை நடந்து நடந்து குச்சிகளில் பரப்பும்போது, பாடுகிற பாட்டு அவளுடையது. கழகத் தலைவர் காளியண்ணன் புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்துக்கு வந்தார். அடிக்குறிப்பை உரக்க வாசித்தார்.

"பாட்டெல்லாம் சரிதானுங்க. அம்மாவுக்குத் தாளம் மட்டும் ஊட்டுலயே தங்கிருச்சாட்ட இருக்குது" என்றார்.

கூடம் சிரித்தது. உண்ணாமலை சிரிக்கவில்லை. மேடையில் இருந்த சரவணமுத்துவைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள் போலிருந்தது. அவர் மேசை மேலிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு வருடம் கழித்து, 1938 தை மாதத்தில், சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ஒரு பெரிய சங்கம் தொடங்கும் இசை ஆராய்ச்சித் துறைக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்திருந்தார்கள். புத்தகத்தையும் அவர்களே மறுபதிப்புச் செய்வார்கள். திருத்தங்களைப் பங்குனிக்குள் அனுப்ப வேண்டும். மனைவி சாரதாமணி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, சென்னையில் தண்ணீர் உப்பாக இருக்குமாமே என்று கேட்டாள். அதுவே அவளுடைய சம்மதம்.

அந்த மாதமே பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்காக இராசிபுரம் போனார். விடியும்போது தூக்கம் கலைந்து தெருவில் நடந்தவருக்கு, பாவோடும் திடலான பாவடியிலிருந்து பாட்டுக் கேட்டது. உண்ணாமலை பாடி அவர் எழுதிக்கொண்ட பாட்டு.

காற்று எழும்பும் முன் வேலையை முடிக்க நான்கு பெண்கள் பாவோடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் நான்கு வரிசையாகக் குச்சிகள் நட்டிருந்தன. ஆளுக்கொரு வரிசை. ஒரு குச்சிக்கு இடப்புறமும் அடுத்ததற்கு வலப்புறமுமாக இழையை விட்டபடி நடந்து, கடைசியில் உள்ள முளையைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். உண்ணாமலையின் தம்பி மனைவி நல்லம்மாள் பாட, இருவர் பின்பாட்டுப் பாடினார்கள். உண்ணாமலை வாய் திறக்காமல் நடந்தாள்.

சரவணமுத்துவின் விரல்கள் தாமாகவே எண்ணத் தொடங்கின. ஒரு குச்சிக்கு ஓர் எண்ணிக்கை. பாட்டின் ஓர் அடிக்கு ஏழு குச்சி. நான்கு அடி முடியும்போது இருபத்தெட்டுக் குச்சியும் முடிந்தது. பிறகு பாட்டு நின்றது. பெண்கள் முளையைச் சுற்றினார்கள். மூன்று காலடி. மறுபடி பாட்டு எழுந்தது.

நான்காவது அடியின் முடிவில்தான் அவர் அந்த அடிக்குறிப்பைப் போட்டிருந்தார். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பாடிய உண்ணாமலைக்குச் சுற்றி வர முளை இல்லை. ஒரு முறை தயங்கினாள், ஒரு முறை உடனே தொடங்கினாள். அவர் தொடையில் போட்ட தாளம் அதற்குக் காத்திருக்கவில்லை.

நின்ற இடத்திலேயே பதினோரு சுற்று எண்ணினார். பதினோரு முறையும் மூன்று காலடிதான்.

நல்லம்மாள் அவரைப் பார்த்துவிட்டாள். "ஏனுங்க வாத்தியாரே, இன்னும் என்ன குத்தம் பாக்கி இருக்குதுன்னு எண்ணறீங்க?"

பின்னால் வந்த பெண் சிரித்தாள். "தாளம் தப்புனவங்க மூணாவது வரிசையில இருக்கறாங்க, பாருங்க."

சொல்லிச் சொல்லித் தேய்ந்த கேலி அது. உண்ணாமலை காதில் வாங்காதவள்போல் இழையைப் பார்த்து நடந்தாள். வரிசை முடிந்து அவள் ஓய்ந்ததும் சரவணமுத்து அருகில் போனார்.

"அக்கா, நீங்க ஒருக்காப் பாட முடியுமா?"

"வாங்க தம்பி. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றாள். பிறகு, "நான் பாட்டை உட்டு ஆறு வருசமாச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் நூல் கதிர்கள் கிடந்த கூடையை எடுக்கப் போனாள்.

சேலம் திரும்பியதும் அடிக்குறிப்பிட்ட பாட்டுகளைத் தனித்தாளில் எழுதினார். சனி ஞாயிறுகளில் ஒவ்வொன்றின் வேலையும் நடக்கும் இடத்துக்குப் போனார். மல்லசமுத்திரத்தில் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கும் காத்தான் பாட்டை நிறுத்திய இடத்தில் தோல்பறி கவிழ்ந்து தண்ணீர் கொட்டியது. மாடுகள் பின்னோக்கி நடந்து கிணற்றடிக்கு ஏறி வரும் வரை காத்தான் பாடுவதில்லை. புதுச்சத்திரத்தில் நெல் குத்துகிறவர்கள் உலக்கையைக் கை மாற்றிய இடத்தில் ஓர் எண்ணிக்கை அடங்கியிருந்தது. பங்குனி பிறப்பதற்குள் பத்தொன்பது பாட்டுகளைச் சரிபார்த்துவிட்டார். பதினேழில் பிழை அவருடையது. இரண்டில் பாடியவர் உண்மையாகவே தப்பியிருந்தார். மீதி நான்கு பாட்டுகளின் வேலைக்கு இன்னும் பருவம் வரவில்லை.

சென்னைக்கு எழுதுவதற்கு முன் சாரதாமணியிடம் சொன்னார். அவள் அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

"அந்தக் குறிப்பை மட்டும் எடுத்துட்டு அனுப்பப்படாதுங்களா? யாருக்குத் தெரியும்?"

"குறிப்பு மேலதான் அத்தியாயம் நிக்குது. அத்தியாயத்து மேலதான் புஸ்தகம் நிக்குது."

"புஸ்தகத்து மேல நாம நிக்கறோம்" என்றாள் அவள். பிறகு அடுப்பில் ஒரு சுள்ளியைச் செருகினாள். "எழுதுங்க. எழுதாம இருந்தா நீங்க தூங்க மாட்டீங்க. உங்களோட நானும் முழிச்சிருக்கோணும்."

அவர் எழுதினார். புத்தகத்தின் அடிப்படைக் கருத்துத் தவறு; பாட்டுகள் சிதையவில்லை, உட்கார வைத்துக் கேட்டவன்தான் சிதைத்தான்; மறுபதிப்பு வேண்டாம் என்று மூன்று பக்கம். சங்கத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. அவருடைய நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள். துறைக்கு வேறொருவரைத் தேர்ந்திருந்தார்கள்.

சித்திரையில் அவர் மறுபடி இராசிபுரம் பாவடிக்குப் போனார். உண்ணாமலை அன்று முதல் வரிசையில் நடந்துகொண்டிருந்தாள். அவளோடு ஒட்டி நடந்தபடி சென்னைக்கு எழுதியதைச் சொன்னார். சென்னை வேலை போனதைச் சொல்லவில்லை.

அவள் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க எழுதுனீங்க?"

"சென்னைக்கு."

"சென்னைக்காரங்களா தம்பி என்னையப் பாத்துச் சிரிச்சாங்க?"

அடுத்த முளை வரை நடந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்தார். பாவடியில் அன்று இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். யாரும் நிற்கவில்லை, பாதி வரிசையில் நின்றால் இழை தளர்ந்துவிடும். அவரும் நடந்துகொண்டே வாசித்தார். மேடையில் பேசிப் பழகாத குரல் முதலில் எழும்பவில்லை.

"கேக்கலைங்க" என்றாள் நல்லம்மாள்.

சத்தமாக வாசித்தார். இராசிபுரம் உண்ணாமலை பாடிய பாட்டில் தாளம் எங்கும் தப்பவில்லை. நான்காவது அடி முடிந்து பாட்டு நிற்பது முளையைச் சுற்றும் மூன்று காலடிக்காக. நூலகத்தில் அவரை உட்கார வைத்து எழுதியது என் பிழை. வெளியீட்டு விழாவில் கூடமே அவரைப் பார்த்துச் சிரித்தபோது நான் பேசாமல் இருந்தது அதைவிடப் பெரிய பிழை. கடைசி வரி சென்னைக்குப் போன கடிதத்தில் இல்லை. அந்த நடையில்தான் அதைச் சேர்த்தார்.

பாட்டு நின்றிருந்தது. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ கஞ்சித் தொட்டியைத் தரையில் வைத்தார்கள்.

"இனி அக்காவே முன்னால பாடட்டும்" என்றாள் நல்லம்மாள், கேலி இல்லாத குரலில்.

"நீ பாடு. நல்லாத்தான் பாடறே" என்றாள் உண்ணாமலை. இரண்டு குச்சி தாண்டியதும் சரவணமுத்து பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "அதுல மூணு காலடின்னு படிச்சீங்களே?"

"ஆமாங்க்கா. பதினோரு தரம் எண்ணினேன்."

"நாலு வரிசையும் ஒண்ணாப் போனா மூணு. பக்கத்து வரிசைக்காரி பிந்திட்டா அவளுக்காக நாலு. இழை ஒண்ணுக்கொண்ணு உரசப்படாதில்லைங்களா."

அவர் பென்சிலைத் தேடினார். அவள் நான்காவது அடியை மெல்லிய குரலில், அவருக்கு மட்டும் கேட்கும்படி பாடிக்கொண்டே முளைக்கு வந்தாள். பக்கத்து வரிசையில் பிந்தி வருகிறவளை ஓரக்கண்ணால் பார்த்து, ஒரு காலடி தாமதித்துச் சுற்றினாள்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதறேன்."

"நின்னுட்டு எழுதாதீங்க தம்பி. பின்னால ஆளு வாராங்க."