சிறப்பு விருந்தினர் வரும்வரை

என் கணவர் கலீல் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். “எட்டு மணிக்குப் பொங்கல் தர்றாங்களாம், ஆட்டோவுல மைக் வச்சி சொல்லிகினு போறான். வா ஜஹீரா, ராஜா மாதிரி சாப்ட்டு வரலாம்.”

பம்மலில் எங்கள் தெருவுக்குள் புகுந்த மழைத் தண்ணீர் அப்போதுதான் வடிந்திருந்தது. அடுப்பு, அரிசி எல்லாம் நாசம். ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அவர் மைக்கை நம்பினார்.

அறக்கட்டளைக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். அதில் குறை சொல்ல முடியாது. பொட்டலங்களை மேசைமேல் கோபுரமாக அடுக்கினார்கள். பின்னால் பேனர். அதில் எலும்பும் தோலுமாக ஏதோ தேசத்துக் குழந்தை. எங்கள் பிள்ளைகளின் விலா எலும்பு அவர்களுக்குப் போதவில்லை போலும். செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் எங்களை வரிசையாக நிறுத்தி, படத்தில் மறைக்காதபடி உயரமானவர்களைப் பின்னுக்கு அனுப்பினார்.

ஒன்பது தாண்டியது. கலீலுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. நான் மேசைக்குப் போனேன்.

“சார், அவருக்கு சுகர். ஊசி போட்டுகினு வந்துட்டாரு. ஒரே ஒரு பொட்டலம் குடுங்க சார்.”

“சீஃப் கெஸ்ட் பல்லாவரம் தாண்டிட்டாரும்மா. இப்ப ஒண்ணு எடுத்தா எல்லாரும் கேப்பாங்க. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி அடுக்கு கலையக் கூடாது.”

“கெஸ்ட்டு இன்னா, மாட்டு வண்டிலயா வராரு?” என்றாள் பக்கத்து வீட்டு அங்காளம்மாள். வரிசையே சிரித்தது. கலீலும் சிரித்தார். சிரித்தபடியே சரிந்தார்.

அங்காளம்மாள் ஓடிப்போய்க் கோபுரத்திலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிடுங்கிக் கிழித்து அவர் வாயில் வைத்தாள். உள்ளே இறங்கவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்முன் மௌத்தாகிவிட்டார்.

எங்கள் ஆட்டோ கிளம்பும்போதுதான் விருந்தினரின் கார் நுழைந்தது. கோபுரத்தில் விழுந்த ஓட்டையை வேறொரு பொட்டலம் வைத்து அடைத்தார்களாம். அவர் பேசி முடிப்பதற்குள் சாவுச் செய்தி போனில் போனது. கலீலுக்காக ஒரு நிமிடம் மௌனம் காத்தார்களாம். பசித்தவர்கள் அந்த ஒரு நிமிடமும் சேர்த்து நின்றார்கள்.

மூன்றாம் நாள் செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஓர் அரிசி மூட்டை, ஒரு கேமராக்காரர். படம் வேண்டாம் என்றேன். அரிசியும் திரும்பிப் போனது.

இந்த மழைக்கும் வந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்து இறங்கிய பிறகுதான் முதல் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்கள்.