அறிவித்த போர்கள்: பூச்சியம்

நான் யாரோடும் முதலில் சண்டைக்குப் போனவள் இல்லை. காப்புறுதிக் கொம்பனியில் வேலை பார்த்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்று அறுபது வயதில் கணினிக்கு முன்னால் இருந்து நாடு பிடிக்கத் தொடங்கிய பிறகும் சரி, அந்தக் கெட்ட பெயர் இந்த ஜெகதீஸ்வரிக்கு வந்ததில்லை. சண்டை வேண்டுமென்றால் மற்றவனைக் கொண்டு தொடங்க வைக்க வேண்டும். அதற்கு மூளை வேண்டும். எனக்கு அது இருக்கிறது. இல்லையென்று நடிக்க எனக்கு வராது.

கணினி என் கடைசி மகன் பிரணவனுடையது. மெல்பேர்னுக்குப் போகும்போது வெள்ளவத்தை பிளாட்டில் விட்டுவிட்டுப் போனான். என் கணவர் பாலசுந்தரம் இறந்த பிறகு, தொலைக்காட்சி நாடகங்களில் மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் அதைத் திறந்தேன். உள்ளே ஒரு விளையாட்டு இருந்தது. எனக்கு ஒரு நாடு. என்னைச் சுற்றி மூன்று நாடுகள்: மஞ்சள் ராசா, பச்சை ராசா, நீல ராணி. மூன்று பேரையும் ஆட்டுவது கணினி.

அந்த உலகத்தில் ஒரு சட்டம் உண்டு. முதலில் போர் அறிவிப்பவருக்குப் பெயர் கெட்டுவிடும். பிறகு ஒருவரும் அவரோடு வியாபாரம் செய்ய மாட்டார்கள். எல்லாரும் சேர்ந்து அடிப்பார்கள். ஆனால் உங்கள் மேல் இன்னொருவன் போர் அறிவித்தால் நீங்கள் அப்பாவி. அவனுடைய பாதி நாட்டைப் பிடித்தாலும் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆகவே நான் மஞ்சள் ராசாவின் எல்லையில் நாலு குதிரைவீரரைச் சும்மா நிறுத்தி வைப்பேன். "உன் படை ஏன் இங்கே நிற்கிறது?" என்று தூது அனுப்புவான். "தற்செயலாகப் போகிறார்கள்" என்று பதில் அனுப்பிவிட்டு இன்னும் நாலு பேரை நிறுத்துவேன். அவனுக்குப் பொறுக்காது. பாய்ந்துவிடுவான்.

அதைவிட நல்ல வழி, அவர்களையே ஒருவரோடு ஒருவர் மோத விடுவது. பச்சை ராசாவுக்கு ஆசையான ஊரை நீல ராணிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டால் போதும். அவர்கள் அடிபட்டு முடியும்வரை நான் நிம்மதியாக இருப்பேன். மூன்று பேரும் கூட்டாளிகள் ஆனால்தான் எனக்கு ஆபத்து.

என் பிள்ளைகளும் மூன்று பேர். மூத்தவள் யதுஷா ரொறன்ரோவில், ராகுலன் லண்டனில், பிரணவன் மெல்பேர்னில். போன வருடம் எனக்கு டெங்கு வந்து களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முன் பிளாட் முஸ்லிம் பிள்ளை ஸீனத்தான் கூட நின்று பார்த்தவள். அதிலிருந்து பிள்ளைகளுக்குப் பயம் பிடித்துவிட்டது. உறவினர்கள் வேறு கல்யாண வீடுகளில் "தாயை ஒரு சோனக வீட்டு மனுசி பாக்கவேண்டி வந்திட்டுதே" என்று அவர்கள் காதுபடவே கதைத்தார்களாம். முடிவு என்னவென்றால், அம்மா ஒவ்வொரு வீட்டிலும் நாலு நாலு மாதம் இருப்பது. வெள்ளவத்தை வீட்டை விற்பது.

வீடு என் பேரில் இல்லை. என் கணவர் போகும்போது மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக எழுதிவிட்டுப் போனார். "பிள்ளையள் உன்னைக் கைவிடுவினமே?" என்று என்னிடம் கேட்டவர் அவர். ஓம், விடமாட்டார்கள்தான், கையோடு பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள். விற்பதென்றால் மூன்று கையெழுத்தும் வேண்டும். டெரிக் என்ற தரகரை ராகுலன் லண்டனில் இருந்தபடியே பிடித்துவிட்டான்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களுக்குள் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். தாங்கித் தாங்கிக் கூப்பிடுகிற பிள்ளைகளின் முகத்தில் அடித்த திமிர்க்காரி என்ற பெயர் என் சாவீடு வரைக்கும் வரும். முதலில் அறிவிப்பவருக்குத்தான் பெயர் கெடும். ஆகவே ஒவ்வொரு முறை அவர்கள் கதைத்தபோதும் சிரித்துக்கொண்டு, "சாப்பிட்டியளே?" என்று பேச்சை மாற்றினேன். மனதுக்குள் குதிரைவீரரை எல்லைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு பரிசு. அது குசினியிலேயே இருந்தது.

ஒவ்வொரு வருடமும் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் தூள் அனுப்புவேன். யாருக்காவது ஒரு கரண்டி கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த முறை ஸீனத்தின் தம்பி சப்ரி ரொறன்ரோவுக்குப் போனான். முழுத் தூளையும் யதுஷாவுக்கே கட்டிக் கொடுத்துவிட்டேன்.

அவள் சந்தோசம் தாங்காமல் குடும்ப வட்ஸ்அப்பில் படம் போட்டாள். ராகுலன் உடனே என்னைக் கூப்பிட்டான்.

"அம்மா, எங்கட தூள் எங்க?"

"அக்கா சொன்னவள், உங்கட வீட்டில சமையல் குறைவாம், கடைச் சாப்பாடுதானாம். வீணாப் போகுமெண்டுதான் அனுப்பேல்லை."

"அக்கா அப்படிச் சொன்னவவே?"

"நான் சொன்னனெண்டு கேக்காத தம்பி. எனக்கேன் வம்பு?"

யதுஷாவிடம், அவளுடைய வீட்டு அறை சின்னது, அம்மாவுக்கு மூச்சு முட்டும் என்று ராகுலன் கவலைப்பட்டதாகச் சொன்னேன். பிரணவனிடம், நீ சின்னப்பிள்ளையாம், உன்னால் அம்மாவைப் பார்க்க ஏலாதாம், அதனால் உன்னுடைய நாலு மாதத்தை மற்ற இரண்டு பேரும் பிரித்து எடுக்கப் போகிறார்களாம் என்றேன். எல்லாம் முழுப் பொய் இல்லை. எப்போதோ யாரோ அரைகுறையாகச் சொன்னவைதான்; நான் கொஞ்சம் வறுத்து அரைத்துக் கொடுத்தேன்.

பற்றிக்கொண்டது. முதலில் தூள், பிறகு அறை, பிறகு அப்பாவின் சாவீட்டுக்கு யார் பிந்தி வந்தது, யார் எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கும் நிற்காமல் ஓடியது என்று போய்விட்டது. யதுஷா அழுது அழுது குரல் பதிவு அனுப்பியிருந்தாள். முழுவதையும் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன். ஆனால் வெல்லுகிற நேரத்தில் ஆட்டத்தை விட்டு எழும்புகிறவள் நான் இல்லை. அக்கா முதலில் கையெழுத்து வைக்கட்டும் என்றான் ராகுலன். அவன் வைத்தால்தான் தான் வைப்பதாகச் சொன்னாள் யதுஷா. டெரிக்கின் தொலைபேசி அழைப்புகள் நின்றுபோயின. நான் கடைத்தெருவுக்கு இறங்கி, சுடச்சுட வடை வாங்கி வந்து ஸீனத்தோடு பகிர்ந்து சாப்பிட்டேன்.

"அன்ட்டி, நீங்க வரமாட்டன்டு அவங்களுக்கு நேரா சொல்லி ஈக்கீங்களா?" என்று வடையைப் பிய்த்தபடி கேட்டாள் ஸீனத்.

"உனக்கு இதெல்லாம் விளங்காது. நீ சாப்பிடு" என்றேன்.

சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு. திறந்தால் மூன்று முகங்களும் ஒரே திரையில். சாவீட்டுக்குப் பிறகு இப்படி மூன்று பேரையும் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. யதுஷாவின் கண் வீங்கியிருந்தது. ராகுலன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

பிரணவன்தான் தொடங்கினான். "அம்மா, நீங்கள் விளையாடுற கேம் என்ர கணக்கிலதான் ஓடுது. நீங்கள் திறந்தால் இஞ்ச எனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் சந்தோசமாத்தான் பாத்துக்கொண்டிருந்தனான், அம்மா விளையாடுறா, சுகமா இருக்கிறா எண்டு."

மேசையில் இருந்த கணினியைத் திரும்பிப் பார்த்தேன்.

"இந்தச் சண்டை தொடங்கின பிறகு உங்கட ஆட்டங்களையும் எடுத்துப் பாத்தனான். எல்லாத்திலயும் ஒரே வேலை. ஒருத்தனுக்குப் பரிசு, மற்றவனுக்கு வயித்தெரிச்சல். பாத்தவுடனே அக்காவுக்குப் போன் எடுத்தன், தூள் விசயம் என்னெண்டு கேட்டன். அதுக்குப் பிறகு மூண்டு பேரும் இருந்து எல்லாத்தையும் ஒத்துப் பாத்தம்."

"நாங்கள் என்ன, கம்பியூட்டர் ராசாக்களே?" என்று ராகுலன் கத்தினான். "இனி உங்களிட்டக் கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. மூண்டு பேரும் கையெழுத்து வைக்கிறம். இப்ப டெரிக் வீடு பாக்க ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறார்."

மூன்று பேரும் கூட்டாகிவிட்டார்கள். என் மேல் போரும் அறிவித்துவிட்டார்கள். சட்டப்படி இப்போது நான்தான் அப்பாவி. ஆனால் யதுஷாவின் முகத்தைப் பார்த்தபோது அந்த அப்பாவித்தனம் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"கேம்ல ஒரு கணக்குக் காட்டும் அம்மா" என்றான் பிரணவன் மெதுவாக. "உங்கடதில, அறிவித்த போர்கள் பூச்சியம். இத்தனை ஆட்டத்தில ஒண்டு கூட இல்லை."

கதவு மணி அடித்தது.

தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே போய்த் திறந்தேன். டெரிக் நின்றான், பின்னால் ஒரு இளம் சோடி. அந்தப் பெண் ஏற்கனவே ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள்.

"குட் மோர்னிங் அம்மா. பார்ட்டி வந்திருக்கு. சுட்டக், கொஞ்சம் இருங்க, அஞ்சு நிமிசத்தில பாத்திட்டுப் போறம்."

வழக்கமான நான் என்றால் உள்ளே விட்டிருப்பேன். குசினிச் சுவரில் தண்ணீர் ஊறுகிறது, லிப்ட் பாதி நாள் ஓடாது, மேல்வீட்டுக்காரன் குடித்துவிட்டு வருவான் என்று அடுக்கி, அவர்களாகவே ஓடும்படி செய்திருப்பேன். வசனங்கள் நாக்கு நுனிக்கு வந்தும்விட்டன. விழுங்கினேன்.

"இந்த வீடு விக்கிறதில்லை" என்றேன். "இதில நான் இருக்கிறன்."

டெரிக் சிரித்தான். "சேர் லண்டனில இருந்து சொன்னார்தானே, அம்மா..."

தொலைபேசியைத் திருப்பி மூன்று முகங்களையும் நேரே பார்த்தேன். "மூண்டு பேரும் கேளுங்கோ. நான் ரொறன்ரோவுக்கும் வரேல்லை, லண்டனுக்கும் வரேல்லை, மெல்பேர்னுக்கும் வரேல்லை. உங்களில பாசம் இல்லாமல் இல்லை. என்னைச் சூட்கேஸ் மாதிரி நாலு மாசத்துக்கு ஒருக்காக் கைமாத்துறது எனக்குப் பிடிக்கேல்லை. எனக்கு இந்த வீடு வேணும், இந்தக் கடல் காத்து வேணும், முன்னுக்கு ஸீனத் வேணும். வீடு உங்கட பேரில. ஏலுமெண்டால் பொலிஸைக் கொண்டுவந்து என்னை இறக்குங்கோ."

என் குரல் படியெல்லாம் இறங்கிக் கீழ் மாடிவரை போயிருக்கும். ஸீனத் தன் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றாள் யதுஷா. "தூளைக் குடுத்து எங்களை ஏன் அடிபட விட்டனீங்கள்?"

"அது பிழை. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன் பிள்ளை. இதுக்குக் கேக்க மாட்டன்."

"சனம் எங்களை என்ன சொல்லும்?" என்றான் ராகுலன்.

"அம்மா மாட்டன் எண்டு சொன்னவ எண்டு சொல்லு. கெட்ட பேர் எனக்கு வரட்டும்."

அவன் முகம் திரையில் இருந்து மறைந்துவிட்டது. டெரிக் என்னையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டெரிக்" என்றான் பிரணவன் திரைக்குள் இருந்து, "நான் கையெழுத்து வைக்க மாட்டன். அவையைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அந்தப் பெண் குனிந்து செருப்பைத் திரும்பப் போட்டாள்.

ராகுலன் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. வலிக்கிறதா என்றால், வலிக்கிறது. புதிதாகத் தூள் வறுத்து மூன்று பொதி கட்டியிருக்கிறேன். அவனுடையதை அவன் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். வெள்ளிக்கிழமை கோயிலில் ஒருத்தி வழி மறித்து, "பிள்ளையள் கூப்பிட்டும் போகமாட்டன் எண்டிட்டியளாமே?" என்று கேட்டாள். "ஓம்" என்று சொல்லிவிட்டு விபூதி எடுக்கப் போனேன்.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். பிரணவன் சொன்ன கணக்கைத் தேடிப் பார்த்தேன். அறிவித்த போர்கள் என்ற இடத்தில் இன்னும் பூச்சியம்தான் இருந்தது. நீல ராணியின் பெயரை அழுத்தி, "போர் அறிவி" என்பதைத் தெரிவு செய்தேன். "நீங்கள்தான் முதலில் தொடங்கியதாக எல்லாரும் அறிவார்கள், சம்மதமா?" என்று கணினி கேட்டது. ஓம் என்பதை அழுத்தினேன்.