கவிழ்ந்து கிடந்த தெப்பம்

திங்கட்கிழமை வந்தால் பங்கிராஸுக்குத் திராட்சைத் தோட்டமும் வேண்டாம், தண்ணீர் பாய்ச்சலும் வேண்டாம். காமயகவுண்டன்பட்டியிலிருந்து பத்து மணி டவுன் பஸ்ஸில் மருமகள் ஷெரினைக் கூட்டிக்கொண்டு கம்பத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம். கடலைக் கண்ணால் பார்த்திராத மனுஷர், எட்டு மாதமாகக் கடலில் என்னென்ன மிதக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மகன் ரூபன் சரக்குக் கப்பலில் மெஷின் வேலைக்குப் போனவன். கல்யாணமாகி நாலே மாதம். 2006 ஜனவரியில் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலில் அந்தக் கப்பல் பதினோரு பேரோடு காணாமல் போயிற்று. கம்பெனி கையை விரித்துவிட்டது. அப்புறம் ஷெரின்தான் அந்த வெப்சைட்டைக் கண்டுபிடித்தாள். சொந்தப் பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிற வெள்ளைக்காரர்கள் சிலர், சம்பளம் கிம்பளம் இல்லாமல், வழியில் மிதக்கிற மரக்கட்டை, வலை, கண்டெய்னர் எல்லாவற்றையும் நாளும் இடமும் போட்டு எழுதி வைக்கிறார்கள். பின்னால் வருகிற படகு மோதிவிடக் கூடாதே என்றுதான். ரூபனைத் தேடுவதா அவர்கள் வேலை? ஏன்தான் இதைக் காட்டித் தொலைத்தோம் என்று அவள் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

“வைகை அணையில விழுந்தது எதுவா இருந்தாலும் மூணாம் நாள் ஷட்டர் பக்கம் ஒதுங்கித்தான தாயி ஆகணும்?” என்பார் பங்கிராஸ்.

“கடலுக்கு ஷட்டர் ஏது மாமா?”

“நீ வாசி.”

வாசிப்பாள். நீல டிரம் ஒன்று. அறுந்த வலை. பெரிய மரம், வேரோடு.

அவளுக்கு வயது இருபத்து மூன்று. அவள் அப்பா மூன்று தடவை வந்து கேட்டுவிட்டார்: “எறந்தவுகளுக்கான பூசைய வச்சு முடிங்க சம்பந்தி. புள்ளையக் கூட்டிட்டுப் போறோம். அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேணும்ல?” கடைசியில் பங்கிராஸ் இறங்கி வந்தார். கப்பல் சாமான் ஒன்று பட்டியலில் வரட்டும், அன்றைக்கே பங்குச் சாமியிடம் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

ரூபன்மேல் அவளுக்கு ஆசை இல்லாமலா? நாலு மாதம் என்றாலும் வாழ்ந்தது வாழ்ந்ததுதான். ஆனால் அழுது தீர்க்கக்கூட விடாமல் வாராவாரம் பஸ் ஏற வைத்தால் என்னதான் செய்வாள்? அவன் செத்துவிட்டான் என்று யாராவது சத்தம் போட்டுச் சொல்லமாட்டார்களா என்றிருந்தது அவளுக்கு.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை அது வந்துவிட்டது. கப்பல் முழுகினால் ஏறித் தப்பிக்கிற ஆரஞ்சுக் கலர் ரப்பர் தெப்பம். அதன்மேல் ரூபன் போன கப்பலின் பேர். கவிழ்ந்து கிடக்கிறது, ஆள் இல்லை, அதன் கூரைத் துணியெல்லாம் சிப்பி மொய்த்திருக்கிறது. அலை அதிகம், எடுக்க முடியவில்லை.

அந்த வரியை வாசிக்காமல் தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தாண்டவில்லை. ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொல்லிவிட்டு, “அவ்வளவுதான் மாமா” என்று உடைந்து அழுதாள்.

“கவுந்தா கெடக்கு?” என்றார் பங்கிராஸ்.

“ஆமா மாமா.”

“அடி கிறுக்கி, அதுக்கா அழுகுற? அணையில பரிசக்காரனப் பாத்ததில்லையா நீ? கரையேறுனதும் தண்ணி வடியட்டும்னு பரிசலக் கவுத்துத்தான போடுவான்? எம்மகன் கரையேறிட்டான்! கட்டிப் போடாம விட்ருக்கான், அலை இழுத்துட்டு வந்துருச்சு. அவன் என்னைக்கு எத ஒழுங்காக் கட்டியிருக்கான்?”

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாவி மனுஷர். மாதக்கணக்காய்க் கவிழ்ந்தே மிதந்தால்தான் அப்படிச் சிப்பி மொய்க்கும் என்றாள், புயலைச் சொன்னாள். செவிடன் காதில் ஊதின சங்குதான். வாக்குத் தவறாமல் அன்றைக்கே பங்குச் சாமியிடம் போனார். மகன் கரையேறியதற்குச் சனிக்கிழமை நன்றிப் பூசை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். தெருவெல்லாம் திராட்சை கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஷெரின் சேலை மாற்றாமல் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் அமுதா வந்து கதவைச் சாத்தினாள்.

“நான் வரல அத்தை. வந்தா அவுக செத்துட்டாகன்னு கோயில்ல எல்லாரு முன்னாலயும் கத்திருவேன்.”

“எனக்கு மட்டும் தெரியாதா? தை மாசமே பெத்த வயிறு சொல்லிருச்சுடி, புள்ள இல்லைன்னு.”

ஷெரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்ப ஏன் அத்தை இத்தன நாள் சும்மா இருந்தீக?”

“கப்பல் போன சேதி வந்த மறுவாரம் உங்க மாமா பூச்சி மருந்த எடுத்து வாய்க்குக் கொண்டு போனாக. நாந்தான் தட்டிவிட்டேன். அதுக்கு மறுநாத்தான் நீ அந்தப் பட்டியலக் காட்டுன. அன்னையிலருந்துதான் அவுக சோறு திங்குறாக.” “இப்பச் சொல்லு. கத்தப் போறியா?”

ஷெரின் எழுந்து சேலையை மாற்றினாள். அமுதா மல்லிகைச் சரத்தை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டாள். ஊசி இரண்டு தடவை கீழே விழுந்தது.

“கோயில்ல மணியடிச்சுட்டாக தாயி, நேரமாச்சு” என்று வாசலிலிருந்து பங்கிராஸ் கூப்பிட்டார்.

“இந்தா வந்துட்டேன் மாமா” என்றாள் ஷெரின்.